பூட்ஸ் சேறும் பழைய பேட்டரியும்

கூடலூரிலிருந்து வரும் சாலை நாடுகாணியில் பிரிகிறது. ஒரு கிளை நிலம்பூருக்கு இறங்க, மற்றொன்று தேவாலா, பந்தலூர் பக்கம் போகிறது. இங்கேதான் வனத்துறையின் ஜீன்பூல் தாவர மையம் இருக்கிறது. தேயிலையும் சோலையும் யானை நடமாட்டமும் கலந்த இந்தப் பகுதியில் ஆய்வாளர்களுக்கு வேலை நிறைய. காட்டின் நலனுக்காகத்தான் வருகிறார்கள். கூடவே என்ன வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பூட்ஸைத் திருப்பினால் அடிப்பள்ளங்களில் சேறு அடைத்திருக்கும். சாலையோரம் அதில் ஒட்டிய பார்த்தீனியம் விதை, காட்டுக்குள் உதிர்ந்தால் முளைத்துவிடும். தவளைகளைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையும் ஈரச் சேற்றோடு ஓடைக்கு ஓடை பரவக்கூடியது. இந்நோயால் உலகெங்கும் 501 நீர்நிலவாழ் இனங்கள் சரிந்தன, அவற்றில் 90 அழிந்துவிட்டதாகக் கருதலாம் என்று 2019-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பூஞ்சை பதிவாகியிருக்கிறது.

முதலில் பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்தெடுக்க வேண்டும். சேற்றின் மேல் கிருமிநாசினி ஊற்றினால் பலன் குறைவு. பிறகு பிளீச்சிங் கரைசலில் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். நாடுகாணி மழையில் அது நடக்காது என்பதால் மாற்று ஜோடி அவசியம். கழுவிய பிளீச்சிங் தண்ணீர் ஓடையில் கலந்தால் தவளைக்கு அதுவே விஷம்.

அடுத்தது பேட்டரி. 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கி கேமரா வைத்து, சுமார் மூன்றரைக் கோடி படங்கள் எடுத்தார்கள். இடத்துக்கு இரண்டு கேமரா, கேமராவுக்கு எட்டு பேட்டரி, ஒவ்வொரு முறையும் புதிது என்று வைத்துக்கொண்டால் நான்கு லட்சத்தைத் தாண்டும். ரீசார்ஜ் பேட்டரி நூற்றுக்கணக்கான முறை உழைக்கும். ஆனால் அது தருவது 1.5 அல்ல, 1.2 வோல்ட், சில மாடல்கள் தகராறு செய்யும். வாங்குமுன் சோதித்துக்கொள்வது நல்லது.

பெரிய மிச்சம், ஒரே தரவைப் பலரும் பயன்படுத்துவதில் இருக்கிறது. பக்கத்து முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனத்தார் 1988 முதல் 50 ஹெக்டேரில் அதே மரங்களைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறார்கள். தீ, வறட்சி, யானை ஒடிப்பது என்று பல கேள்விகளுக்கு அந்தத் தரவே பதில் தருகிறது. காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் போன்ற உள்ளூர் மக்களுக்குப் பயிற்சியும் முறையான சம்பளமும் தந்தால், வெளியூர் ஜீப் அடிக்கடி மலையேற வேண்டியதில்லை.

ஆய்வு அனுமதி விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். ஆய்வின்போது அடையாளத்துக்காக மரத்தில் கட்டிய பிளாஸ்டிக் ரிப்பனை யார், எந்தத் தேதிக்குள் அவிழ்ப்பார்? அதற்கான செலவு பட்ஜெட்டில் எந்த வரியில் இருக்கிறது?