குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லையா? காத்திருக்க வேண்டாம்!

ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. தூக்கினால் கை, கால்கள் தொய்ந்து விழுகின்றன. ஆனால், முகம் பார்த்து அழகாகச் சிரிக்கிறது குழந்தை. ‘இவன் அப்பனும் எல்லாம் லேட்டாத்தான் செஞ்சான்’ என்று சமாதானம் சொல்வார் பாட்டி. பல வீடுகளில் பொன்னான நேரம் கரைவது இந்த இடத்தில்தான்.

இது ‘எஸ்.எம்.ஏ’ எனும் தண்டுவடத் தசைச் சிதைவு நோயாகவும் இருக்கலாம். உலக அளவில் சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. காரணமான எஸ்.எம்.என்.1 மரபணுவை 1995-ல் கண்டுபிடித்தது, பாரிஸில் ஜூடித் மெல்கி தலைமையிலான குழு.

மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் ஆர்.என்.ஏ-வில் வேண்டாத பகுதிகளும் இருக்கும். தையற்காரர்போல, அவற்றை வெட்டி நீக்கி, வேண்டியதை மட்டும் இணைக்கிறது செல். அந்தத் ‘தையல் மெஷினை’ உருவாக்க உதவும் புரதத்தைத் தருவதுதான் எஸ்.எம்.என்.1. இது பழுதானால் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் மடிகின்றன.

நம் உடலில் எஸ்.எம்.என்.2 என்ற மாற்று மரபணுவும் உண்டு. ஆனால், ஓர் எழுத்து மாறியிருப்பதால், தைக்கும்போது பெரும்பாலும் 7-வது துண்டு விட்டுப்போகிறது. முழுமையாக வருவது ஏறக்குறைய 10 சதவிகிதமே. அந்தத் துண்டை விடாமல் சேர்க்க வைப்பவைதான் நுசினெர்சென் ஊசியும், வாய்வழி தரும் ரிஸ்டிப்லாம் மருந்தும்.

செலவு பெரிது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ், அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால், மடிந்த நரம்பு செல்களை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

புதுச்சேரியில் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இன்றைய ஜிப்மரின் வேர். கடலூர், விழுப்புரத்திலிருந்தும் பெற்றோர் குழந்தைகளோடு கோரிமேட்டுக்கு வருகிறார்கள். சந்தேகம் வந்ததுமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையிலேயே நோயை உறுதிசெய்யலாம்.

தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கான வாய்ப்பு 25 சதவிகிதம். அவர்களுக்கோ எந்த அறிகுறியும் இருக்காது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணந்தவர்களும், குடும்பத்தில் இந்நோய் இருந்தவர்களும் கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

முக்கியமாக, இது யார் செய்த பாவமும் அல்ல. மருமகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை.