கூடாரத்தை நகர்த்திய கடல்



எங்கள் ஊர் துறையூர். பெயரில் 'துறை' இருக்கிறது, கடல்தான் இல்லை! ஏரி இருக்கிறது. ஏரிக்கரை நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். கடற்கரையும் அப்படித்தான் என்று நானும் என் மனைவியும் நினைத்திருந்தோம். அது தவறு என்று ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டோம்.

நான் பள்ளியில் சாரணர் ஆசிரியராகவும் இருந்தவன். மாணவர்களை அடிக்கடி முகாமுக்கு அழைத்துப் போவேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், "பிள்ளைகளை மட்டும்தான் கூட்டிப் போவீங்களா? என்னையும் ஒரு தடவை கூட்டிப் போங்க" என்றார் மனைவி. சிறிய கூடாரம், ஸ்டவ், இரண்டு பாத்திரம், ஒரு டார்ச் லைட். அவ்வளவுதான்! திருச்சியில் ரயில் ஏறி, மயிலாடுதுறையில் இறங்கி, பஸ் பிடித்துத் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம்.

தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பில் தங்க அனுமதி வாங்கியிருந்தோம். அலை ஓசை நன்றாகக் கேட்கட்டும் என்று தோப்பின் ஓரத்தில், மணலில் கூடாரம் அடித்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஓடி வந்தார்.

"ஐயா, இங்க போடாதீங்க. நாளைக்குப் பௌர்ணமி. ராத்திரி கடல் ஏறும்!"

கூடாரத்தைப் பிடுங்கி மேட்டில் அடித்தோம். காலையில் எழுந்து பார்த்தால், முதலில் கூடாரம் அடித்த இடம் ஈரமாக இருந்தது!

கடல் ஏன் ஏறுகிறது தெரியுமா? நிலவும் சூரியனும் கடல்நீரை ஈர்க்கின்றன. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வருகின்றன. அப்போது இரண்டு ஈர்ப்பும் சேர்ந்துகொள்வதால் நீர் மட்டம் வழக்கத்தைவிட உயரும். இப்படிக் கடல் ஏறி இறங்குவதற்கு 'ஓதம்' என்று பெயர்.

அன்றிலிருந்து என் மனைவி ஒரு வேலை செய்தார். தினமும் காலையில், தோப்பின் கடைசித் தென்னையிலிருந்து ஈர மணல் கோடு வரை நடந்து, எத்தனை காலடி என்று நோட்டில் எழுதினார்.

அடுத்த நாட்களில் ஊரைச் சுற்றினோம். 1620ஆம் ஆண்டு தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர், வணிகம் செய்ய டென்மார்க் நாட்டினருக்கு இங்கே இடம் கொடுத்தார். அவர்களின் கப்பல் தலைவர் ஓவ் ஜெட்டே கட்டியதுதான் கடலைப் பார்த்து நிற்கும் டேன்ஸ்பர்க் கோட்டை. இப்போது அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்!

1706இல் இதே கரையில் கப்பலிலிருந்து இறங்கினார் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர். அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? உங்களைப் போன்ற பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார்! பிறகு கப்பலில் அச்சு இயந்திரமும் வந்தது. 1715இல் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். 1718இல் அவர் கட்டிய புது எருசலேம் ஆலயம் இன்றும் இருக்கிறது. அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான்.

"கடல் இந்த ஊருக்கு எவ்வளவு கொடுத்திருக்கு!" என்றார் மனைவி.

ஆறாம் நாள் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனோம். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்டது. முன்பு கரையிலிருந்து தள்ளி இருந்த கோயில் அது. மெல்ல மெல்லக் கடல் நெருங்கி வந்து, அதன் முன்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியும் இந்த ஊரைத் தாக்கிப் பல உயிர்களைப் பறித்தது.

கோயிலைப் பார்த்துவிட்டு நாங்கள் வெகுநேரம் பேசவில்லை.

ஏழாம் நாள் கிளம்பும் முன் நோட்டைப் பார்த்தோம். பௌர்ணமிக்கு மறுநாள் 22 காலடி. கடைசி நாள் 31 காலடி. ஓதத்தால் ஏறிய கடல் திரும்பிப் போயிருந்தது. ஆனால் கோயிலின் முன்பகுதியை எடுத்த கடல் அதைத் திருப்பித் தரவில்லை. ஏறி இறங்குவது ஓதம். மணலை அரித்துக்கொண்டு போவது கடல் அரிப்பு. இரண்டும் வேறு வேறு, குழந்தைகளே!

மணல்தான் கரைக்குக் காவல். ஆறுகள் கடலுக்குக் கொண்டுவரும் மணல் குறைந்தால் கரை தேயும். கரை மணலை அள்ளினாலும் தேயும். மணலைப் பிடித்து வைக்கும் அடும்புக் கொடியைப் பிடுங்கினாலும் தேயும்.

கடற்கரைக்குச் சுற்றுலா போனால், அசையாத ஒரு மரத்தையோ சுவரையோ அடையாளம் வைத்து, ஈர மணல் கோடு வரை காலடி எண்ணுங்கள். தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை போகும்போது மறுபடி எண்ணுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கூடாரம் அடிக்கும் முன் உள்ளூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்!