கடைசியாகப் பார்த்த நாள் எது?

புரட்டாசியில் பழுப்புக் கீச்சான் வந்து சேர்ந்தால் அதுவே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும். முள்வேலியின் உச்சியிலோ மின்கம்பியிலோ உட்கார்ந்து கரகரத்த குரலில் விடாமல் கத்தும். மங்கோலியா, சைபீரியா பக்கமிருந்து வந்த பறவை அது; இனி ஆறேழு மாதத்துக்கு அந்த வேலி அதனுடைய எல்லை. சித்திரையில் கிளம்பும்போது இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. வலசை போகும் சிறு பறவைகளில் பல இரவில்தான் பயணம் தொடங்குகின்றன. வேலி காலியாகக் கிடப்பது ஒருவர் கண்ணில் படும்போது அது போய் ஒரு வாரம் ஆகியிருக்கலாம், இரண்டு வாரமும் ஆகியிருக்கலாம்.

வரவைக் குறிப்பது எளிது. போன நாளைக் குறிப்பதுதான் கடினம். மார்ச் முதல் மே வரை தமிழகத்துப் பறவை நோக்கர்களுக்கு முன் இருக்கும் வேலை அதுதான்.

அந்த வேலைக்குத் தருமபுரி மாவட்டத்தின் கடத்தூர் போன்ற ஊர்கள் ஏற்றவை. வேடந்தாங்கல், கோடியக்கரை, கூந்தன்குளம் போல இது பறவைகளுக்காகப் பேர் வாங்கிய ஊர் அல்ல. ஆனால் தெற்கே சேர்வராயன் மலை, அதன் அடிவாரத்தில் வாணியாறு அணை, தென்கிழக்கே சித்தேரி மலை, நடுவே புளியமரச் சாலைகள், மானாவாரி நிலங்கள், ஏரிகள், வெற்றிலைக் கொடிக்கால்கள் என்று சில மைல்களுக்குள் பலவகை வாழிடங்கள் இங்கே அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற விருந்தாளி உண்டு.

கொடிக்காலில் அகத்தி நிழலும் ஈரமண்ணும் சேர்ந்த இடங்கள் கொடிக்கால் வாலாட்டிக்குப் பிடித்தவை. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் உடம்பின் பின்பாதியோடு சேர்த்துப் பக்கவாட்டில் அசைக்கும். மரத்தில் கூடு கட்டும் ஒரே வாலாட்டியும் இதுதான். அந்தக் கூடு இருப்பது கிழக்குச் சீனா, கொரியா, ரஷ்யாவின் தூரக்கிழக்குப் பகுதிகளில்.

வேலியோரப் புதருக்குள்ளிருந்து 'டெக், டெக்' என்று நாக்கைத் தட்டுவதுபோல் ஓசை வந்தால் அது பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தப் பழுப்பு நிறக் குருவியினத்தின் இனப்பெருக்க எல்லை பின்லாந்து வரை நீள்கிறது. குளிர்காலத்துக்கோ அவற்றில் பெரும்பாலானவை இந்தியத் துணைக்கண்டத்துக்கே வந்துவிடும். இதைவிட அருகில் வீடு வைத்திருப்பது ஆறுமணிக் குருவி. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும் இந்தப் பல வண்ணப் பறவை, மழைக்காலக் குடும்பத்துக்காக மத்திய இந்தியக் காடுகளுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போகும்.

பங்குனியில் ஏரிகள் வற்றி ஓரங்களில் சேறு வெளிப்படும். பொறி உள்ளான் போன்ற கரைப்பறவைகளுக்கு அந்தச் சேறுதான் பயணத்துக்கு முந்தைய பந்தி. மஞ்சள் வாலாட்டிகள் மங்கிய இறகுகளை உதிர்த்துப் பளிச்சென்ற மஞ்சளுக்கு மாறுவதும் இந்தக் காலத்தில்தான். சூறைக்குருவியின் அலங்காரம் வேறு வகை. அது புது இறகு முளைக்கக் காத்திருப்பதில்லை. பழைய இறகுகளின் மங்கலான ஓரங்கள் தேய்ந்து விழ, உள்ளிருந்த கறுப்பும் ரோஜா நிறமும் துலங்கும். சோளப்பட்சி என்று உழவர்கள் திட்டும் இதே பறவையை சீனாவின் சின்ஜியாங்கில் கல் கூடுகள் கட்டிக்கொடுத்து வரவேற்கிறார்கள். அங்கே அது வெட்டுக்கிளிகளைத் தின்று தீர்க்கிறது.

கிளம்பும் நேரம் இவற்றுக்கு எப்படித் தெரிகிறது? பகல் நீள்வதைக் கொண்டு என்பது பழைய விடை. கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் 1920-களில் ஜங்கோ குருவிகளைக் கூண்டில் வைத்து, கடுங்குளிரிலும் விளக்கொளியால் பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். குளிர் குறையாமலே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தத்தில் வளர்வதுபோல் வளர்ந்தன. ஆனால் கடத்தூர் ஏறக்குறைய 12 பாகை அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஹெல்சிங்கியில் அது சுமார் 13 மணி நேரம்.

இந்தச் சிறு மாற்றத்தை மட்டும் நம்பிப் பறவை இருக்கவில்லை என்பதை ஜெர்மானியப் பறவையியலாளர் எபர்ஹார்ட் குவின்னர் 1960-களில் காட்டினார். வில்லோ கதிர்க்குருவிகளை அவர் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்ற மாறாத ஒழுங்கில் வளர்த்தார். அப்படியும் அவை பருவந்தோறும் இறகு உதிர்த்தன, இரவில் நிலைகொள்ளாமல் துள்ளின. ஏறத்தாழ ஓர் ஆண்டுச் சுற்றில் ஓடும் கடிகாரம் அவற்றின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. பகலின் நீளம் அதைத் திருத்தி வைக்கிறது. கடிகாரம் மணியடித்ததும் பறவை தின்னத் தொடங்கும். சில இனங்கள் கொழுப்பைச் சேர்த்து, உடல் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டே கிளம்புகின்றன.

காலம் தப்பினால் இழப்பு பெரிது. சீக்கிரம் போனால் அங்கே பனி விலகியிருக்காது. தாமதித்தால் குஞ்சுகளுக்கான புழுக்காலம் முடிந்திருக்கும். வடக்கே வெப்பம் ஏற ஏற, தெற்கில் புறப்படும் நாளும் மாறுகிறதா என்ற கேள்வி அறிவியலாளர்களுக்கு முக்கியமாகியிருக்கிறது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நெடுந்தொலைவு வலசைப் பறவைகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் குறைந்துவருவதாகச் சொல்கிறது. சுமார் 30,000 பறவை நோக்கர்களின் பதிவுகளிலிருந்து உருவான அறிக்கை அது.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் பிப்ரவரியில் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பும் நடக்கையில் இந்தப் பறவைகள் இங்கே நிலையாகத் தங்கியிருக்கும். புறப்பாடு அதற்குப் பிறகு. 2007-இல் பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் தொடங்கிய 'மைக்ரன்ட்வாட்ச்' திட்டம் இந்த வருகை, புறப்பாட்டு நாட்களைப் பொதுமக்களிடமிருந்து திரட்டியது. இன்று அந்தப் பணி பெரும்பாலும் 'இ-பேர்ட்' தளத்தில் நடக்கிறது.

புறப்பாட்டைப் பிடிக்க ஒரே வழி, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. ஒரு கால் மணி நேரம் நின்று, கண்டதையும் கேட்டதையும் ஒன்று விடாமல் எழுதினால் அது முழுப் பட்டியல். அதில் காகமும் மைனாவும் இருந்து கீச்சான் இல்லையென்றால், அந்த இல்லாமையும் ஒரு தகவல். ஏப்ரல் 10-இல் இருந்த பறவை 14, 18, 22 என்று தொடர்ந்து பட்டியலில் வராவிட்டால், அது கிளம்பிய காலம் தோராயமாகத் தெரிந்துவிடும்.

உலகமெங்கும் ஒரே நாளில் பறவைகளைப் பதிவு செய்யும் 'குளோபல் பிக் டே' மே மாத இரண்டாவது சனிக்கிழமையில் வருகிறது. பிளித் நாணல் கதிர்க்குருவி மே தொடக்கம் வரைகூடத் தென்னிந்தியாவில் தங்குவதுண்டு என்பதால், கடத்தூர் வேலியோரங்களில் அன்று காலை காதைத் தீட்டிக்கொள்ளலாம். சூறைக்குருவிகள் அதற்குள் கூடு வைக்க மத்திய ஆசியாவுக்குக் கிளம்பியிருக்கும். ஜூலையிலேயே அவற்றின் முதல் கூட்டங்கள் வடமேற்கு இந்தியாவுக்குத் திரும்பத் தொடங்கிவிடும்.