உங்களுக்குத் தெரியுமா? கை மறையும் வி.ஆர். உலகம்

● 2016-இல் வந்த 'ஜாப் சிமுலேட்டர்' என்ற வி.ஆர். (மெய்நிகர் உலக) விளையாட்டில் தக்காளியை எடுத்ததும் உங்கள் கை மறைந்துவிடும். தக்காளி மட்டும் மிதக்கும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை! நம் கை அசைவுக்கு ஏற்பத் தக்காளி பிசகாமல் அசைந்தால் போதும், மூளை அதையே கையாக ஏற்றுக்கொள்கிறது. உருவாக்கிய ஔல்கெமி லேப்ஸ் நிறுவனம் இதற்கு வைத்த பெயர் 'டொமேட்டோ பிரசென்ஸ்'.

● வி.ஆரில் தலை ஏன் சுற்றுகிறது? நடப்பதாகக் கண் சொல்லும். நிற்பதாக உட்காது சொல்லும். இந்த இழுபறியில் வயிறு புரட்டும். அதனால்தான் பல விளையாட்டுகளில், போகவேண்டிய இடத்தைக் கைக்கருவியால் சுட்டினால் நொடியில் அங்கே நிற்பீர்கள். 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' (2020) இந்தத் தாவலையும் தந்தது, சாதாரண நடையையும் தந்தது. தலைசுற்றல் உடம்புக்கு உடம்பு மாறும் விஷயம். தேர்வை ஆடுபவரிடம் விடுவதே சரி.

● 'பீட் சேபர்' விளையாட்டில் இந்தச் சிக்கலுக்கு இடம் குறைவு. நின்ற இடத்தில் நின்றாலே போதும். கட்டைகள்தான் நம்மைத் தேடி வரும்.

● 2015-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் வி.ஆர். காட்சியின் நடுவே, கீழ்ப்பக்கத்தில் ஒரு மூக்கை வரைந்து வைத்தார்கள். மூக்கு இருந்தபோது ஆட்கள் தலைசுற்றாமல் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். மூக்கு இருந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை!

● தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும் வலியைப் பட்டவர்தான் அறிவார். அவர்களுக்காக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மன் குழு அமைத்த வி.ஆர். உலகம்தான் 'ஸ்னோவேர்ல்ட்'. பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி, பனிமனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பனியுருண்டை எறியலாம். வலியை உணரவும் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தை எறிதல் பிடுங்கிக்கொள்கிறது. 2009-இல் வெளியான ஆய்வில், அதே பனி உலகைச் சும்மா பார்த்தவர்களைவிட, அதற்குள் விளையாடியவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. வி.ஆர். துறை செய்த வேலைகளில் எனக்கு இதுவே முதன்மையானது.

● முதல்முறை வி.ஆர். கருவியை மாட்டிக்கொள்ளப் போகிறீர்களா? அமைப்புகளில் தாவிச் செல்லும் முறையைத் தேர்ந்தெடுங்கள். தலை லேசாகச் சுற்றினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள், உடனே கழற்றிவிடுங்கள்.