கடலை, பாக்டீரியா, ஒரு துப்பறியும் கதை

கடலை மிட்டாய் என்றதும் நமக்கு நாக்கில் எச்சில் ஊறும். சில பிள்ளைகளுக்கோ ஒரு துண்டு வேர்க்கடலை உள்ளே போனாலே போதும். உடம்பெங்கும் தடிப்பு, உதட்டில் வீக்கம், வாந்தி; சிலருக்கு மூச்சே முட்டும். இதுதான் கடலை அலர்ஜி.

வந்த விருந்தாளியைத் திருடன் என்று நினைத்துக் குரைக்கும் நாயைப் போல, நம் எதிர்ப்புச் சக்தி கடலையில் உள்ள புரதத்தை எதிரி என்று நினைத்துவிடுகிறது. உடனே ‘மாஸ்ட்’ செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அரிப்பும் வீக்கமும் அதன் வேலை.

எதிர்ப்புச் சக்திக்கான செல்கள் நம் குடலில் ஏராளம். அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைப் பழக்குகின்றன. அப்படியானால், நல்ல பாக்டீரியாவைக் கொடுத்து அலர்ஜியை அடக்க முடியுமா?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மிமி டாங் என்ற மருத்துவரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. கடலை அலர்ஜி உள்ள பிள்ளைகளில் ஒரு பாதிக்கு லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவும், துளித் துளியாகக் கூட்டிய கடலைப் பொடியும் 18 மாதம் தரப்பட்டன. மறுபாதிக்கு வெறும் போலி மருந்து. 2015இல் முடிவு வெளியானது. பாக்டீரியாவும் கடலையும் பெற்றவர்களில் சுமார் 82 சதவீதம் பேர் கடலையைத் தாங்கிக்கொண்டார்கள்; போலி மருந்து பெற்றவர்களில் சுமார் 4 சதவீதம் பேர்தான்!

பாக்டீரியா ஜெயித்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். இந்தச் சோதனையில் ஓர் ஓட்டை இருக்கிறது. எங்கே என்று யோசியுங்கள்.

கடலைப் பொடியை மட்டும் சாப்பிட்ட குழு ஒன்று இல்லையே! அலர்ஜியை அடக்கியது பாக்டீரியாவா, கடலையா என்று எப்படிச் சொல்வது?

அந்தக் குழுவையும் சேர்த்து, 201 பிள்ளைகளிடம் மறுபடி சோதித்தார்கள். 2022இல் விடை வந்தது. பாக்டீரியாவும் கடலையும் பெற்றவர்களில் 46 சதவீதம் பேருக்கு அலர்ஜி அடங்கியது. கடலை மட்டும் பெற்றவர்களில் 51 சதவீதம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, வேலை செய்தது கடலைப் பொடிதான். பாக்டீரியா கூடவே வந்த துணை.

இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. மருத்துவர்களின் கண்காணிப்பில்தான் இந்தச் சோதனைகள் நடந்தன. தயிரில் நல்ல பாக்டீரியா உண்டு என்று பால் அலர்ஜி உள்ள நண்பனுக்குத் தயிர்ச் சாதம் ஊட்டிவிடாதீர்கள். பாலின் புரதம் தயிரிலும் இருக்கிறது. அலர்ஜியால் யாருக்காவது மூச்சு முட்டினால் பெரியவர்களைக் கூப்பிட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.