தண்ணீர் ஊற்றாத பாகு

ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் வில்லை வில்லையாக நறுக்கிய எலுமிச்சம்பழம். அதே எடைக்குச் சர்க்கரை. வேறு எதுவும் இல்லை. அடுப்பில் வைக்கவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. ராத்திரி மூடி வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். சர்க்கரை நனைந்து கீழே இறங்கியிருக்கும், அடியில் திரவம் தேங்கியிருக்கும், வில்லைகள் வாடிச் சுருங்கியிருக்கும். கிளறிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் சர்க்கரை முழுக்கக் கரைந்து, மணக்க மணக்க ஒரு பாகு தயார்.

கொரிய மக்கள் இதைச் ‘சியோங்’ என்கிறார்கள். அவர்கள் நாட்டில் இதற்குப் பெயர்போன பழம் யூஜா. எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் உறவுக்காரப் பழம் அது. மேடும் பள்ளமுமாகத் தடித்த மஞ்சள் தோல், உள்ளே நிறைய விதைகள், சாறு கொஞ்சமே கொஞ்சம். பிழிந்து குடிக்கலாம் என்று வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அதன் பெருமையெல்லாம் தோலின் மணத்தில்தான் இருக்கிறது. எலுமிச்சை இனத்து மரங்கள் பெரும்பாலும் குளிருக்கு வாடிவிடும். யூஜாவோ ஓரளவு உறைபனியையும் தாங்கும். கொரியாவின் தென்கரையில் உள்ள கோஹுங் பகுதி யூஜாவுக்குப் புகழ்பெற்றது. நவம்பரில் பழம் மஞ்சளாகும். அப்போது வீடுகளில் யூஜா சியோங் போட்டு வைப்பார்கள். குளிர்காலம் முழுவதும் ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கலக்கிக் குடிப்பதுதான் யூஜாத் தேநீர். பெயர்தான் தேநீர், தேயிலை அதில் கிடையாது! சளி பிடித்தவர்களுக்கு அங்கே அன்போடு கொடுக்கிற பானம் இது. இப்போது எலுமிச்சை, பம்ப்ளிமாஸ் வகைகள், ஜேஜு தீவில் விளையும் கமலாப்பழம் என்று எல்லாவற்றிலும் சியோங் போடுகிறார்கள்.

சரி, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பழத்திலிருந்துதான். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்களின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவானது வெறும் தண்ணீர். அரைக் கிலோ பழம் எடுத்தால் அதில் ஏறக்குறைய 440 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவும் கோடிக்கணக்கான செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மிக மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அந்தச் சவ்வு ஆளைப் பார்த்துத்தான் வழி விடும். தண்ணீர் மூலக்கூறு சிறியது, அது வருவதும் போவதும் சுலபம். சர்க்கரை மூலக்கூறு பெரியது, அதற்கு அவ்வளவு எளிதில் வழி கிடைக்காது.

சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது என்று பலரும் சொல்வார்கள். நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் அங்கே யாரும் யாரையும் இழுக்கவில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டே இருப்பவை. செல்லுக்குள்ளிருந்து வெளியே போகின்றன, வெளியிலிருந்து உள்ளே வருகின்றன. சர்க்கரை போடாத பழத்தில் போக்கும் வரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். வில்லையின் ஈரத்தில் சர்க்கரை கரைந்து செல்களைச் சூழ்ந்துகொண்டதும் கணக்கு மாறிவிடுகிறது. வெளியே இருக்கும் திரவத்தில் இப்போது பெரும்பகுதி சர்க்கரை. சவ்வைத் தாண்டி உள்ளே திரும்பி வரக்கூடிய தண்ணீர் மூலக்கூறுகள் அங்கே குறைவு. போவது அதிகம், திரும்புவது கொஞ்சம். அதனால் செல் வற்றுகிறது, ஜாடி நிறைகிறது. பாடப்புத்தகத்தில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர் போட்டிருப்பார்கள்.

பிரான்சு நாட்டின் நோலே என்பவர் 1748-இல் ஒரு புட்டியில் சாராய வடிநீரை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இழுத்துக் கட்டித் தண்ணீருக்குள் முக்கி வைத்தார். வெளியே இருந்த தண்ணீர் உள்ளே புகுந்து, அந்தத் தோல் பந்துபோல உப்பிவிட்டது. சவ்வூடு பரவல் இப்படித்தான் முதன்முதலில் பதிவானது. ஏறக்குறைய 140 ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்து வேதியியலாளர் வான்ட் ஹாஃப் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். கரைந்திருக்கும் பொருள் எது என்பது முக்கியமல்ல, எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதே முக்கியம் என்பது அந்தக் கணக்கின் சாரம். 1901-இல் வேதியியலுக்கு முதல் நோபல் பரிசு கொடுத்தபோது அது அவருக்குத்தான் கிடைத்தது.

வான்ட் ஹாஃபின் கணக்கு நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கும் பொருந்தும். எலுமிச்சை ஊறுகாய்க்கு உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, அதுவும் இதே வேலைதான். ஆனால் பழத்தின் எடைக்குச் சமமாக யாரும் உப்புப் போடுவதில்லையே, ஏன்? வாயில் வைக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவ்வளவு உப்புத் தேவையே இல்லை. சர்க்கரை மூலக்கூறு ஒன்றின் எடை 342 அலகு என்றால் உப்பின் ஒரு சோடி 58.5 அலகுதான். போதாததற்கு, தண்ணீரில் விழுந்ததும் உப்பு சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிந்துவிடும். பெருக்கி வகுத்துப் பாருங்கள்: ஒரு கிராம் உப்பு கொடுக்கும் துகள்கள், ஒரு கிராம் சர்க்கரை கொடுப்பதைப் போல ஏறக்குறைய 12 மடங்கு! வெள்ளரிக்காயை ஒரே அளவில் நறுக்கி, ஒரு தட்டில் அரைக் கரண்டி உப்பும் இன்னொரு தட்டில் அரைக் கரண்டி சர்க்கரையும் தூவி, கால் மணி நேரம் கழித்து எந்தத் தட்டில் தண்ணீர் அதிகம் என்று பாருங்கள். தூவும் முன்பே உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதிவிட வேண்டும்.

சியோங்குக்குத் திரும்புவோம். தண்ணீர் மட்டும் வெளியே வந்தால் அது வெறும் சர்க்கரைத் தண்ணீராகத்தானே இருக்கும்? புளிப்பும் மணமும் எப்படி வந்தன? நறுக்கும்போதே கத்தி பட்டுப் பல செல்கள் உடைந்துவிடுகின்றன. தோலில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிகின்றனவே, அவை எண்ணெய்ப் பைகள். அவையும் கிழிகின்றன. உடையாத செல்களோ தண்ணீரை இழந்து இழந்து கடைசியில் இறந்துபோகின்றன. இறந்த செல்லின் சவ்வு யாரையும் தடுக்காது. அப்போது சிட்ரிக் அமிலமும் நிறமும் மணமும் வெளியே வருகின்றன, சர்க்கரை உள்ளே போகிறது. ஜாடியைத் தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வெள்ளை வெளேரென்று இருந்த தோலின் உட்பகுதி நாளாக ஆகக் கண்ணாடிபோல மாறும். அங்கே இருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தைப் பாகு பிடித்துக்கொண்டதன் அடையாளம் அது. அந்த வெள்ளைப் பகுதியில் பெக்டின் நிறைய இருக்கிறது. ஜாம் கெட்டியாவது பெக்டினால்தான். தோலோடு போடும் யூஜா சியோங் கொழகொழவென்று இருப்பதற்கும் அதற்குப் பங்கு உண்டு.

செய்து பார்க்க ஆசையா? கத்தியும் கொதிநீரும் வருகிற வேலை இது, அதனால் வீட்டில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அரைக் கிலோ எலுமிச்சை அல்லது கமலா எடுத்துக்கொள்ளுங்கள். தோலையும் சாப்பிடப் போகிறோம், ஆகவே கழுவுவதில் சோம்பல் கூடாது. சமையல் சோடாவைத் தடவித் தேய்த்து, பிறகு கல்லுப்பால் தேய்த்து, நன்றாக அலசுவது கொரிய வீடுகளின் வழக்கம். கடையில் பழம் பளபளப்பாக இருக்கச் சில சமயம் மெழுகு பூசுவார்கள், அதையும் உரசி எடுத்துவிட வேண்டும். பிறகு ஈரம் போகத் துடையுங்கள். ஜாடியைப் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரில் கவிழ்த்து வைத்து, தண்ணீரோடு சேர்த்தே பெரியவர் சூடாக்கட்டும். கொதிக்கிற தண்ணீரில் திடீரென்று போட்டால் கண்ணாடி விரிசல் விடும். ஜாடி ஆறி, சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

பழத்தை 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்துக்கு நறுக்குங்கள். கனம் கூடினால் என்ன என்று கேட்பீர்கள். பரவல் ஒரு விசித்திரமான கணக்கைப் பின்பற்றுகிறது: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். கொரியாவில் மேசில் என்ற பச்சைக் காய்களை நறுக்காமல் முழுசாகவே சர்க்கரையில் போடுவார்கள். ஜூனில் போட்டால் 100 நாள் காத்திருப்பது அங்கே வழக்கம். எலுமிச்சை வில்லையோ சில நாளிலேயே பதமாகிவிடும்.

விதைகளை ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். எலுமிச்சை இனத்தின் விதையிலும் திசுக்களிலும் ஒரு பொருள் இருக்கிறது, முதலில் அது கசக்காது. செல் உடைந்து, புளிப்பான சாறு அதன்மேல் பட்டதும் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். பிழிந்தவுடன் இனித்த சாத்துக்குடிச் சாறு, கொஞ்ச நேரம் வைத்திருந்தால் கசப்பதும் இதனால்தான். நாள்கணக்கில் ஊறப்போகிற ஜாடியில் அந்தக் கசப்புக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

பழம் ஒரு அடுக்கு, சர்க்கரை ஒரு அடுக்கு என்று நிரப்பி, மேலே கடைசியாகச் சர்க்கரையால் மூடுங்கள். மூடியை இறுக்கித் திருக வேண்டாம். மறுநாள் பார்த்தால் அடியில் சர்க்கரை கரையாமல் படிந்திருக்கும். இங்கே ஒரு புதிர். அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். அப்படியானால் நம் ஜாடியின் 440 கிராம் தண்ணீருக்கு 500 கிராம் சர்க்கரை ஒரு பொருட்டே இல்லை. பிறகு ஏன் அடியில் தங்குகிறது? கெட்டியான பாகு எடை கூடியது, அது அடியிலேயே கிடக்கும். நீர்த்த சாறு மேலே நிற்கும். அடியில் இருக்கும் பாகு ஏற்கெனவே தன்னால் முடிந்த அளவு சர்க்கரையைக் கரைத்துவிட்டது, இனி அதில் இடமில்லை. உலர்ந்த சுத்தமான கரண்டியால் அடியிலிருந்து கிளறிவிட்டால் போதும், மேலிருந்து வரும் சாறு மீதியைக் கரைத்துவிடும்.

இந்தப் பாகு ஏன் சீக்கிரம் கெடுவதில்லை? எலுமிச்சைச் செல்லுக்கு நடந்ததுதான் கிருமிக்கும் நடக்கிறது. கிருமியும் சவ்வால் மூடிய ஒரு செல்தானே! பாகில் விழுந்ததும் அதன் தண்ணீர் வெளியேறிவிடும், அது பெருக முடியாது. கூடவே எலுமிச்சையின் புளிப்பும் பல கிருமிகளுக்கு ஆகாது. ஆனால் முழுக் காவல் இது இல்லை. நம் பாகில் எடைக்குப் பாதியளவுதான் சர்க்கரை, அதற்குள் சில ஈஸ்டுகளும் பூசணங்களும் தாக்குப்பிடிக்கும். ஈஸ்ட் கெட்டிக்காரச் செல். சர்க்கரைப் பாகில் மாட்டிக்கொண்டால் தன் உடலுக்குள்ளேயே கிளிசரால் என்ற பொருளைத் தயாரித்துச் சேர்த்துக்கொள்ளும். உள்ளேயும் துகள்கள் பெருகிவிடுவதால் தண்ணீர் வெளியேறாது. பிறகு சாவகாசமாகச் சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவையும் சாராயத்தையும் வெளியே விடும். பாகில் சில சமயம் குமிழி வருவது அதனால்தான். இறுக்கமாக மூடிய ஜாடியில் அந்த வாயு அழுத்தம் கொடுக்கும்.

யூஜா சியோங் போடுவது குளிர் தொடங்கும் நவம்பரில். நம் ஊர் வெயிலில் ஈஸ்டுக்குக் கொண்டாட்டம். ஆகவே சர்க்கரை கரைந்ததும் ஜாடியை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இனிப்பு அதிகம் என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் காவலும் குறைந்துபோகும். குடிக்கும்போது தண்ணீரைக் கூட்டிக்கொள்வதுதான் சரியான வழி. வில்லைகள் மேலே மிதந்து காற்றுப் பட்டால் பூசணம் பிடிக்கும், அவ்வப்போது பாகுக்குள் அமுக்கிவிடுங்கள். எச்சில் கரண்டியும் ஈரக் கரண்டியும் ஜாடிக்குள் போகவே கூடாது. பூசணம் தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், முழுவதையும் கொட்டிவிட வேண்டும். நுரைத்துச் சாராய வாடை வந்தாலும் அப்படியே.

ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீருக்கோ சோடாவுக்கோ இரண்டு மேசைக்கரண்டிப் பாகு போதும், அதிலேயே ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதனால் தினமும் வேண்டாம். வில்லைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஊறவைக்கும் முன்பு பழத்தை எடைபோட்டு எழுதியிருந்தால், பாகை வடித்த பிறகு வில்லைகளை மறுபடி தராசில் வையுங்கள். எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று உடனே சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் தண்ணீர் வெளியே போன அதே வழியில் சர்க்கரையும் உள்ளே போயிருக்கிறதே! இரண்டையும் தனித்தனியாக எப்படிக் கண்டுபிடிப்பது? நன்றாக வெயிலில் காயவைத்து மூன்றாவது முறை எடைபோட்டால் ஒரு வழி பிறக்கும். எப்படி என்று யோசித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் நோட்டைக் காட்டுங்கள்.