ஒன்பதரை மணி நேரம் பதின்மூன்றான கதை

ஹெல்சிங்கி விமான நிலையத்துக்கும் டோக்கியோவின் நரிடாவுக்கும் இடையே மிகக் குறுகிய வழி ஏறக்குறைய 7,850 கிலோமீட்டர். 2022 பிப்ரவரி வரை ஃபின்லாந்து விமான நிறுவனமான ஃபின்ஏரின் விமானங்கள் சைபீரியாவுக்கு மேலே பறந்து, ஒன்பதரை மணி நேரத்தில் அந்தத் தொலைவைக் கடந்தன. இன்று அதே பயணத்துக்குச் சுமார் பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. இரண்டு நிலையங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. நடுவில் உள்ள வானம்தான் பூட்டப்பட்டுவிட்டது.

உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தடை விதித்தது. பதிலுக்கு, பிப்ரவரி 28 அன்று ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. அதிகம் அடிபட்டது ஃபின்லாந்துதான். கிழக்கே கிளம்பினால் சற்று நேரத்திலேயே ரஷ்ய எல்லை வந்துவிடும்.

மிச்சம் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, தெற்கே இறங்கி துருக்கி, மத்திய ஆசியா, சீனா வழியாகச் செல்வது. மற்றொன்று, நேராக வடக்கே ஏறி வட துருவத்தைத் தாண்டி, அலாஸ்கா பக்கமாகப் பசிபிக்கில் இறங்குவது. அன்றைய காற்றைப் பார்த்து வழியை முடிவு செய்கிறார்கள். துருவ வழியில் பறக்கும்போது விமானிகள் எரிபொருளின் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். வெளியே குளிர் அதைவிடக் கடுமையாக இருக்கலாம். டாங்க்கில் இருக்கும் எரிபொருள் அந்த அளவை நெருங்கினால் வேகத்தைக் கூட்டுவார்கள், அல்லது குளிர் குறைந்த உயரத்துக்கு இறங்குவார்கள். துருவத்தைத் தாண்டும் பயணிகளுக்கு நினைவுச் சான்றிதழும் உண்டு.

ஃபின்ஏருக்கு இது புதிய பாதை அல்ல. 1983 ஏப்ரலில், சோவியத் வான்வெளிக்குள் நுழையாமல், டிசி-10 விமானத்தை வட துருவம், பெரிங் நீரிணை வழியாக டோக்கியோவுக்கு இடையில் எங்கும் இறக்காமல் ஓட்டியது இதே நிறுவனம்தான். அப்போதும் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். மற்ற ஐரோப்பிய விமானங்கள் எரிபொருளுக்காக அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. நாற்பது ஆண்டுத் தொழில்நுட்ப வளர்ச்சிக்குப் பிறகு, பயணிகள் மறுபடி 1983-க்கே திரும்பியிருக்கிறார்கள் என்பது வேதனையான உண்மை.

இழப்பு பயணிகளுக்கு மட்டுமல்ல. ஆசியாவுக்குப் போய்த் திரும்ப ஒரு விமானத்துக்கு 24 மணி நேரம் போதும் என்ற கணக்கில்தான் ஃபின்ஏர் தன் தொழிலையே கட்டியிருந்தது. அந்தக் கணக்கு உடைந்தது. எரிபொருள் செலவு ஏறியது, நீண்ட பயணத்துக்கு விமானிகளும் கூடுதலாகத் தேவைப்பட்டார்கள். சீன நிறுவனங்களோ இன்றும் ரஷ்யா வழியாகவே ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன. அவற்றோடு கட்டணத்தில் எப்படிப் போட்டி போடுவது?

வேலையில்லாமல் நின்ற தன் விமானங்களில் சிலவற்றை ஃபின்ஏர் வாடகைக்கு விட்டது. 2023 இறுதியில் அதன் ஏர்பஸ் ஏ330 விமானங்கள் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸுக்காக சிட்னிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பறக்கத் தொடங்கின.